யாழ்ப்பாணம் பலாலி வீதிப் பக்கமிருக்கிற ஒரு பூக்கன்றுக் கடை

கன்றுகள் உண்மையிலேயே வடிவு. தும்புத்தூள் கலந்த மண், அழுகாத வேர், கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் பிள்ளைகள், அதிலெல்லாம் குறையே இல்லை. ஆனால் ஒரு சாடியில் "மலைக்காட்டில் புதிதாகக் கண்டுபிடித்த இனம்" என்று அட்டை குத்தி மூன்று மடங்கு விலை போட்டிருக்கிறார்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பூவைத் திருப்பிப் பார்த்தேன். தட்டையான ஐந்து இதழ், பின்னால் நூல் போல வளைந்த நீண்ட வால், நீர் கோர்த்த தண்டு, முற்றிய காயைத் தொட்டதும் வெடித்து விதை சிதறுகிறது. இது கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்து உலகம் முழுக்கத் தோட்டங்களில் வளரும் காசித்தும்பை வகை.

புது இனம் என்றால் சும்மா இல்லை. பூவும் காயுமாக அழுத்தி உலர்த்திய ஒரு மாதிரியைப் பேராதனையில் இருப்பது போன்ற உலர்தாவரகம் ஒன்றில் வைத்து, அதுதான் அந்தப் பெயருக்கு ஆதாரம் என்று குறித்து, நெருங்கிய இனங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று லத்தீனிலோ ஆங்கிலத்திலோ எழுதி வெளியிட வேண்டும் (2012க்கு முன் லத்தீன் கட்டாயம்). அப்படி வரும் மலைச்செடிகள் பலவும் ஒரே ஓடைக்கரையில் கொஞ்சமே மிஞ்சியவை. அப்படிப்பட்டதை யாராவது உண்மையாகவே பிடுங்கி விற்றால், அது இன்னும் மோசம்.

கன்று வாங்கப் போங்கள், நிழலில் வையுங்கள், நம் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீருக்குப் பதிலாக மழைத்தண்ணீர் கிடைத்தால் நல்லது. அந்த அட்டைக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்.