தெப்பக்குளம் பக்கம் புதுசா ஒரு சோடா கடை

தாத்தா காலத்துல இருந்து பெட்டிக்கடைங்களுக்கு சோடா போட்டு சப்ளை பண்ற குடும்பம், இப்போ கம்பெனி வாசல்லயே உக்காந்து குடிக்கிற மாதிரி கடை போட்டுருக்காங்க. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கோலி சோடா நிரப்புறத நேர்லயே பாக்கலாம், பாட்டில் தலைகீழா சுத்துறப்ப கோலி கழுத்துக்கு வந்துரும், உள்ள இருக்க கேஸ் அத ரப்பர் வாஷர்ல அழுத்தி பிடிச்சுக்கும், மூடியே வேணாம். 1870கள்ல இங்கிலாந்துல ஹிராம் காட் கண்டுபிடிச்ச பாட்டில், நம்ம ஊர்ல இன்னும் ஓடுது, அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

பன்னீர் சோடா வாசனை நல்லாருக்கு, இனிப்பு கொஞ்சம் தூக்கல். இஞ்சி சோடா தான் டாப், காரம் தொண்டையில நின்னு எறங்குது. ஐஸ் கேட்டதுக்கு கல்லாவுல இருந்த அம்மா "தம்பி, ஐஸ் இல்லாம ஒரு வாய் குடிச்சு பாருங்க, அப்பத்தான் கேஸ் தெரியும்"னாங்க, நெசந்தான். நன்னாரி சர்பத்துல எசன்ஸ் வாடையே இல்ல, எலுமிச்சம்பழம் கண்ணு முன்னாடியே பிழியுறாங்க.

ஃபேன் பத்தல, மத்தியானம் புழுங்குது, வண்டி நிறுத்தவும் எடம் கம்மி. சாயங்காலமா போங்க, பாட்டில மட்டும் மறக்காம திருப்பி குடுத்துருங்க, இப்பல்லாம் அந்த பாட்டில் லேசுல கிடைக்கிறதில்லயாம்.