கஜியாடோவின் மாசாய் வீடொன்றில் ஐந்தாண்டுகள் எரிந்த சூரிய விளக்கு

கென்யாவின் கஜியாடோ பகுதியில் பள்ளி ஆசிரியையாக இருந்த 2019 முதல் 2024 வரையிலான காலம் முழுவதும் கால்நடை மேய்த்து வாழும் மாசாய் இனக் குடும்பம் ஒன்றுடன் நான் தங்கியிருந்தேன். கம்பும் மண்ணும் சாணமும் கொண்டு பெண்களே கட்டும் தாழ்வான வீடுகள், நடுவில் கால்நடைப் பட்டி, சுற்றிலும் முள்வேலி என்று அமைந்த அந்தக் குடியிருப்பை மாசாய் மக்களின் ‘மா’ மொழியில் ‘எங்காங்’ என்பார்கள். நான் ‘யெயோ’, அதாவது அம்மா, என்று அழைத்த வீட்டுப் பெரியவர் முதல் ஆண்டிலேயே ஒரு சிறிய சூரிய மின் தொகுப்பை வாங்கினார். 10 வாட் தகடு, ஒரு பேட்டரி, மூன்று எல்.இ.டி. விளக்குகள், ஒரு டார்ச், கைபேசிக்கு மின்னேற்றும் கம்பி ஆகியவை அதில் இருந்தன.

கருவி நன்றாகவே உழைத்தது. மண்ணெண்ணெய் விளக்கு முதல் வாரத்திலேயே மூலைக்குப் போயிற்று. கைபேசிக்கு மின்னேற்றக் கடைத்தெருவரை நடந்து காசு கொடுக்கும் வேலையும் நின்றது. பிள்ளைகள் படிப்பதற்கு உதவியதைக் காட்டிலும், நள்ளிரவில் ஆடு குட்டி ஈனும்போதும் விடியலுக்கு முன் பால் கறக்கும்போதும் அந்த டார்ச் உதவியதையே யெயோ பெரிதாகச் சொல்வார். ஒவ்வொரு காலையும் தகட்டின் புழுதியைத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் மாலையில் விளக்கு சீக்கிரமே மங்கிவிடும். வீட்டுக்குள் அடுப்புப் புகை படிந்து விளக்குகள் கறுத்துவிடுவதால், வாரம் ஒருமுறை அவற்றையும் துடைத்தோம். நான்காம் ஆண்டில் பேட்டரி தளர்ந்தது; அதை மாற்றியபின் மீண்டும் இரவு முழுவதும் ஒரு விளக்கு எரிந்தது.

எங்களை வருத்தியது பணம் செலுத்தும் முறை. முன்பணம் போக, நாளொன்றுக்கு 50 ஷில்லிங் வீதம் ஓராண்டுக்கும் மேலாகக் கைபேசி வழியாகச் செலுத்த வேண்டும். தவறினால் தொகுப்பு தானாகவே பூட்டிக்கொள்ளும். 2007-இல் தொடங்கிய எம்-பேசா என்ற கைபேசிப் பணச் சேவை நாடெங்கும் பரவியிருந்ததால்தான் இப்படியொரு தவணையே சாத்தியமாயிற்று என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அன்றாடம் கூலி பெறுபவருக்குப் பொருந்துகிற தவணை, சந்தையில் ஆடு விற்கும் நாளில் மட்டும் காசைக் காணும் வீட்டுக்குப் பொருந்தாது. கணக்கோ யெயோவின் கணவருடைய கைபேசி எண்ணில் பதிவாகியிருந்தது. வறண்ட மாதங்களில் அவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு புல் தேடிப் போய்விட்டபோது, பூட்டைத் திறப்பதற்கான எண், அலைவரிசை எட்டாத ஏதோ ஓரிடத்தில் இருந்த அவருடைய கைபேசிக்கே போயிற்று. நாள் முழுவதும் வெயில் காய்ந்தும் பதினேழு இரவுகள் இருளில் இருந்தோம். விற்பனையாளரிடம் பலமுறை முறையிட்டு கணக்கை யெயோவின் பெயருக்கு மாற்றிய பிறகு, ஓர் ஆட்டை விற்றதும் இரண்டு மாதத் தவணையை ஒன்றாகக் கட்டிவிடுவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். அதன்பின் தொகுப்பு ஒருநாளும் பூட்டிக்கொள்ளவில்லை. வீட்டை நடத்துபவர் பெண், விற்கத்தக்க சொத்து ஆணின் கையில் என்ற நிலையைக் கணக்கிலெடுக்காமல் வகுத்த தவணை இது என்றே இன்றும் கருதுகிறேன்.

பட்டியைச் சுற்றி மின்னும் விளக்குகளை 2020-இல் பக்கத்து வீட்டார் அமைத்தனர். நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டிய கிடெங்கெலாவில், ரிச்சர்டு டுரேரே என்ற மாசாய் சிறுவர் தம் வீட்டு மாடுகளைச் சிங்கங்களிடமிருந்து காக்கக் கண்டறிந்த முறை அது. விளக்குகள் மாறி மாறி மின்னுவதால், யாரோ டார்ச்சுடன் நடமாடுவதாக விலங்கு ஏமாறுகிறது. விளக்குகள் வந்தபின் அந்தப் பட்டியில் கழுதைப்புலி புகுந்ததாக நான் கேள்விப்படவில்லை. வீட்டு விளக்குக்குப் பணம் தரத் தயங்கிய ஆண்கள்கூட இதற்காக ஆடு விற்க முன்வந்தார்கள்.

சமையலில் மாற்றம் ஏதும் இல்லை. மூன்று கல் அடுப்பும், விறகும், கண்ணெரியும் புகையும் அப்படியே தொடர்ந்தன. மாடு வளர்ப்பவர்களுக்குச் சாண எரிவாயு எளிது என்று வெளியூரார் நினைக்கிறார்கள். சாணத்தைப் புளிக்கவைத்து எரிவாயுவாக்கும் கலத்துக்கு நாள்தோறும் சாணமும் ஏறக்குறைய அதே அளவு தண்ணீரும் வேண்டும். தொடர்ந்து ஐந்து பருவமழைகள் பொய்த்த 2020–2022 வறட்சியில் மாடுகள் தொலைவில் இருந்தன. குடிநீரையே கழுதைமேல் ஏற்றிவந்தோம். உறவினர் ஒருவர் கட்டிய கலம் அப்போது வறண்டு வெடித்துப்போயிற்று.

கிபேட்டோ காற்றாலைகள் எங்கள் மேட்டிலிருந்து தெரியும். மாசாய் நிலங்களில் நிற்கும் 60 ஆலைகள், 100 மெகாவாட் மின்சாரம். 2021 முதல் அது தேசிய மின்தொகுப்புக்குப் போகிறது. சிதறிக் கிடக்கும் எங்காங்குகளுக்குக் கம்பி இழுப்பதற்குச் செலவு மிகுதி என்பதால், எங்கள் வீட்டுக்கு அந்த 10 வாட் தகடே மின்சாரமாக இருந்தது.

நான் புறப்படும்போது யெயோ அடுத்த தகட்டுக்குத் திட்டமிட்டிருந்தார். இம்முறை தவணையே வேண்டாம், இரண்டு ஆடுகளை விற்று முழுவிலை கொடுத்துவிடலாம் என்பது அவர் முடிவு. பேட்டரி கஜியாடோ நகரிலேயே கிடைக்க வேண்டும், வீடு பெயரும்போது கழற்றிக் கழுதைமேல் ஏற்ற முடிய வேண்டும் என்று கடைக்காரரிடம் இரண்டு நிபந்தனைகள் விதித்திருந்தார்.