புது ராணி எறும்புக்கு எந்த வீடு: டெஸ்ட் டியூபா, மண் பாட்டிலா, பிளாஸ்டர் கூடா?

மழை பெய்து ஓய்ந்த மாலையில் விளக்கடியில் ஈசலோடு சேர்ந்து ராணி எறும்புகளும் வந்து விழும். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு தடிமன். எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும். இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் பொந்து தேடி அலையும் கட்டெறும்பு ராணி கிடைத்தால், அது பெரும்பாலும் இணை சேர்ந்ததாக இருக்கும். சரி, அதை எதில் வைப்பது?

கட்டெறும்பு ராணி தன் முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவரும் வரை எதையும் தேடித் தின்பதில்லை. இனிப் பறக்கப் போவதில்லை என்பதால், இறக்கைத் தசையைத் தன் உடலுக்குள்ளேயே கரைத்து, சேமித்த கொழுப்போடு சேர்த்து, முட்டையிலிருந்து வரும் புழுக்களுக்கு ஊட்டுகிறது. அந்த நாட்களில் அதற்கு வேண்டியது இருட்டு, ஈரம், நம் கை படாத அமைதி. நான் மூன்று வீடுகளையும் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

டெஸ்ட் டியூபில் ஈரத்தைப் பற்றிய கவலை அநேகமாக இல்லை. ஆய்வக சாமான் விற்கும் கடையில் 16 மில்லிமீட்டர் அகலம், 150 மில்லிமீட்டர் நீளம் உள்ளது கிடைக்கும். கட்டெறும்புக்கு அது போதும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, பஞ்சை அதன்மேல் இறுக்கமாக அடைத்து, ராணியை விட்டு, வாயில் இன்னொரு பஞ்சைத் தளர்வாக வைத்தால் முடிந்தது. இரண்டு மாதத்துக்கும் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் நம் ஊரில் இதற்கு ஒரு ஆபத்து உண்டு. தண்ணீருக்குப் பின்னால் காற்றுக்குமிழி தங்கியிருந்தால், பகல் சூட்டில் அது விரிந்து தண்ணீரைப் பஞ்சு வழியே தள்ளிவிடும். காலையில் பார்த்தால் முட்டைகள் நனைந்து கிடக்கும். அதனால் ஜன்னலோரமும் வேண்டாம், ஃபிரிட்ஜின் தலையும் வேண்டாம். ஃபிரிட்ஜில் சூட்டோடு அதிர்வும் சேர்ந்துகொள்ளும். துணி அலமாரியின் அடித்தட்டுதான் என் வீட்டில் சரிப்பட்டது. பிள்ளையார் எறும்புகள் பஞ்சைத் துளைத்து உள்ளே போகாமலிருக்க, சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது போல இதையும் வைக்கலாம்.

டியூபின் பெரிய குறை, எல்லாம் கண்ணுக்குத் தெரிவது. என் முதல் ராணியைத் தினமும் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன். பத்தாவது நாள் முட்டைக் குவியலைக் காணோம், ராணியே தின்றுவிட்டிருந்தது. பயந்த ராணி அப்படித்தான் செய்யும், முட்டையில் போட்ட முதலீட்டை அது திரும்ப எடுத்துக்கொள்கிறது. இன்று வரை எனக்கு அது வருத்தம்தான். இப்போது டியூபைச் சிவப்பு செல்லோபேனால் சுற்றி, வாரத்துக்கு ஒரு முறை மட்டும் பார்க்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் ஜான் லப்பக் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் எறும்புகள்மேல் பல நிறக் கண்ணாடிகளை வைத்துப் பார்த்து, அவை ஊதாவை விட்டு விலகிச் சிவப்பின் அடியில் கூடுவதைக் காட்டினார்.

அதே லப்பக் எறும்புகளை வளர்த்தது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பரப்பிய மெல்லிய மண்ணில். அவரிடமிருந்த ஒரு ராணி ஏறக்குறைய 15 ஆண்டுகள் வாழ்ந்தது. ஆகவே மண்ணைத் தள்ளிவிட முடியாது. ஜாம் பாட்டிலில் ஈரச் செம்மண்ணை அழுத்தி நிரப்பி ராணியை விட்டால் அது தானே குழி தோண்டி, குழியின் வாயை மூடிக்கொண்டு ஒளிந்துகொள்ளும். நம் கண்ணிலிருந்து அதைக் காப்பாற்றுவதில் இதுவே முதலிடம். ஆனால் மண் எவ்வளவு காய்ந்தது, பூஞ்சை பிடித்ததா, ராணி உயிரோடு இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. கையை அடக்க முடியாத சிறுவர்கள் இருக்கும் வீட்டுக்கு மண் பாட்டில். மற்றவர்களுக்கு டியூப்.

பிளாஸ்டர் கூட்டை, அதாவது பிளாஸ்டரில் பல அறைகளோடு வார்த்த செயற்கைக் கூட்டை, தொடக்கத்தில் வாங்கவே வேண்டாம். ஒரே ஒரு ராணிக்கு அத்தனை அறைகள் எதற்கு? ஈரம் குறையும்போதெல்லாம் தண்ணீர் விட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதற்குத் தொந்தரவு. இருபது முப்பது வேலைக்காரர்கள் வந்த பிறகு அது அருமையான வீடு.

எல்லா எறும்புக்கும் இந்தத் தீர்ப்பு செல்லாது. முசுறு ராணி மரத்தில் சுருண்ட இலைக்குள் குடும்பம் தொடங்குவது. அதை மண்ணில் விடுவது கொடுமை. தென்னிந்தியக் காடுகளில் தாவித் தாவி இரை பிடிக்கும் ஹார்பெக்னேதஸ் இனத்தின் ராணி, தொடக்கத்திலிருந்தே வெளியே போய் வேட்டையாடும். மூடிய டியூபில் அது பட்டினியால் செத்துவிடும். டியூபின் வாயை ஒரு சிறு டப்பாவுக்குள் திறந்துவைத்து, பூச்சி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கட்டெறும்புக்கு நம் வெப்பத்தில் சுமார் 6 முதல் 8 வாரத்தில் முதல் வேலைக்காரர்கள் வெளிவருவார்கள், மிகச் சிறியவர்கள். அப்புறம்தான் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் ஒரு துண்டுப் பூச்சியும். வீடு மாற்றும்போது டியூபைத் தட்டிக் கொட்டாதீர்கள். புது வீட்டின் பக்கத்தில் திறந்து வைத்து, டியூப் மேல் வெளிச்சம் படும்படி விட்டால் போதும். ஓர் இரவோ ஒரு வாரமோ ஆகலாம். புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு அவையே நடந்து போகும்.