மதுரை மொட்டை மாடியில் 130 மி.மீ. டெலஸ்கோப்: கண்ணாடி நல்லது, மவுண்ட்தான் படுத்துகிறது

பெட்டியின் மேல் ரோஜா நிறத்தில் நெபுலா (விண்வெளி வாயு மேகம்) படம் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். நான் வாங்கியது 130 மி.மீ. கண்ணாடியும் 650 மி.மீ. குவியத்தூரமும் உள்ள நியூட்டோனியன், அதாவது லென்ஸுக்குப் பதில் குழிக்கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் டெலஸ்கோப். கூடவே அதைத் தாங்கி, வானம் சுழலும் அச்சிலேயே திருப்பும் ஒரு ஈக்வடோரியல் மவுண்ட், கண் வைத்துப் பார்க்கும் 25, 10 மி.மீ. ஐபீஸ்கள். கம்பெனி பெயர் வேண்டாம்.

கண்ணாடியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 65 மடங்கு, வியாழனின் இரண்டு பட்டைகளும் நான்கு நிலாக்களும் தெளிவாகத் தெரிகின்றன. முதல் படங்களைக் கைபேசியில்தான் எடுத்தேன். ஐபீஸில் மாட்டும் ஹோல்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், கையில் பிடித்து எடுக்கப் பார்த்து எனக்குக் கழுத்து வலிதான் மிச்சம். பௌர்ணமி நிலா வெள்ளைத் தோசை மாதிரி தட்டையாக விழும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டி எடுத்தால் நிழல் விழும் ஓரத்தில் டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், அர்சாக்கேல் மூன்று குழிகளும் வரிசையாக நிற்கும். அம்மா பார்த்துவிட்டு, "அம்மைத் தழும்பு மாதிரி இருக்கேடா" என்றார்.

சரி, மவுண்டுக்கு வருகிறேன். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும் என்கிறது கையேடு. மதுரையில் துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து வெறும் 10 பாகை, அதாவது கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி உயரம். எனக்கு அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அச்சை அவ்வளவு தாழ்த்தியதும், டெலஸ்கோப்பின் எடைக்கு ஈடுகட்டும் எடைக்கல் கம்பி வடக்குப் பக்கத்து முக்காலிக் காலில் டங்கென்று இடித்தது. இரண்டு ராத்திரி தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் முக்காலியைத் திருப்பி இரண்டு கால்களுக்கு நடுவே கம்பியைத் தொங்கவிடலாம் என்று தோன்றியது. வடக்கை கைபேசி காம்பஸில் பார்த்துக்கொள்கிறேன், நம் பக்கம் காந்த வடக்கு ஒன்றிரண்டு பாகைதான் விலகியிருக்கும், ஆரம்பத்துக்கு அது போதும்.

இதெல்லாம் எதற்கு என்றால், வானம் விநாடிக்கு 15 ஆர்க்விநாடி (ஒரு பாகையில் 3600 ஆர்க்விநாடி) நகர்கிறது. அந்த அச்சில் டெலஸ்கோப்பை வானத்தோடு திருப்பிக்கொண்டே போகும் மோட்டார் இல்லாமல் 650 மி.மீ.யில் ஒரு விநாடி திறந்து வைத்தாலே நட்சத்திரம் கோடாக இழுபடும். அந்த மோட்டாரைத் தனியாகத்தான் விற்கிறார்கள், பெட்டியில் இருக்காது.

அப்புறம் ஐபீஸ் இடத்தில் டி.எஸ்.எல்.ஆர். (லென்ஸைக் கழற்றக்கூடிய கேமரா) மாட்டினேன், ஃபோகஸே வரவில்லை. ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளியும் இன்னும் கொஞ்சம் போக வேண்டியிருந்தது. விற்றவருக்கு போன் போட்டால், "கேமரா சப்போர்ட் உண்டு சார்" என்று பாடிய பாட்டையே பாடினார். உருவத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் போட்டால் ஃபோகஸ் வரும், ஆனால் பார்வைப் பரப்பு சுருங்கிவிடும். கடைசியில் பின்பக்கத் திருகுகளைக் கழற்றி நீளமானவை போட்டு, கண்ணாடியைக் குழாய்க்குள் முன்னே ஏற்றினேன். அன்றைக்குக் கொலிமேஷனுக்கே, அதாவது கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று நேராக்குவதற்கே, ராத்திரி போய்விட்டது.

மார்கழியில், திருவாதிரை இருக்கும் அதே ஓரியன் விண்மீன் கூட்டத்தில், இடுப்புப்பட்டைக்குத் தெற்கே உள்ள நெபுலாவை மோட்டாரை ஓடவிட்டு 15 விநாடி வீதம் 120 படம் எடுத்து டீப்ஸ்கைஸ்டாக்கரில் ஒரே படமாக அடுக்கினேன், அது இலவச மென்பொருள்தான். வந்தது அழுக்கு ரோஜா நிறத்தில் ஒரு கைக்குட்டை அளவு மேகம். அன்று தூங்கவில்லை.

நிலாவும் கிரகங்களும் போதும் என்பவர்கள் இதே கண்ணாடி உள்ள, கையால் திருப்பும் எளிய தாங்கியோடு வரும் டாப்சோனியனை வாங்குங்கள், தரையில் வைத்தால் வேலை முடிந்தது. என் மதிப்பெண் 5-க்கு 3.5. குறைத்ததில் பெரும்பங்கு அந்த எடைக்கல் கம்பிக்கு.