காமராஜரைத் தேடி ஒரு நாள் வேன் பயணம்: ஐந்துக்கு மூன்று

வேனில் ஏசி நன்றாக வேலை செய்தது, ஓட்டுநர் தங்கமான மனிதர், சாப்பாடு பரவாயில்லை. இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் மூன்று நட்சத்திரம். மீதி இரண்டை ஏன் பிடித்துவைத்தேன் என்பது கொஞ்சம் நீளமான கதை. நேரம் இல்லாதவர்கள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம், எந்த இருக்கை வாங்க வேண்டும் என்பது அங்கேதான் இருக்கிறது.

மதுரையில் இருந்து ஒரு சுற்றுலா நிறுவனம் (பெயர் வேண்டாம், சின்ன ஆட்கள், புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள்) காமராஜர் வாழ்க்கையைச் சுற்றி ஒரு நாள் பயணம் நடத்துகிறது. காலை ஆறரைக்கு மாட்டுத்தாவணி பக்கத்தில் ஏறினால் விருதுநகர், எட்டயபுரம் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பலாம். ஆளுக்கு 1,600 ரூபாய், காலை டிபனும் மதியச் சாப்பாடும் அதிலேயே அடக்கம். விளம்பரத்தில் "நேர்மை, நீதி, மக்கள் சேவை: ஒரு தலைவரின் தடத்தில்" என்று போட்டிருந்தார்கள். அப்பாவுக்காகத்தான் பதிவு செய்தேன். அவர் சாத்தூர் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் ஆரம்பப் பள்ளி படித்தவர், 1960 வாக்கில் பள்ளிக்கூடத்துச் சோற்றைத் தின்று வளர்ந்தவர். காமராஜர் என்று சொன்னாலே சாய்ந்து உட்கார்ந்திருக்கிற மனிதர் நிமிர்ந்து உட்காருவார்.

வழிகாட்டியாக வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். நல்ல குரல், மரியாதையான பையன், அப்பாவை "ஐயா, பார்த்து இறங்குங்க" என்று ஒவ்வொரு இடத்திலும் கைபிடித்து இறக்கிவிட்டான். ஆனால் அவன் கையில் இருந்த சரக்கு முழுக்க போனில் யாரோ எழுதிக்கொடுத்தது. திருமங்கலம் தாண்டுவதற்குள் காமராஜர் இறந்தபோது கையிருப்பு 130 ரூபாய் என்று நான்கு தடவை சொல்லிவிட்டான். அப்புறம் சொந்த வீடு இல்லை, நாலு வேட்டி சட்டை. பின்னணியில் வேன் ஸ்பீக்கரில் சோக வயலின் வேறு. பொய் என்று சொல்லவில்லை, தமிழ்நாட்டில் எல்லாரும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த விஷயம்தான் இது. ஆனால் கஞ்சத்தனமாக வாழ்ந்த ஒரு நல்ல தாத்தா என்கிற அளவோடு அவரை முடித்துவிட்டால், ஒன்பதரை வருடம் ஒரு மாநிலத்தை ஆண்ட மனிதர் எங்கே போனார்? என் புகாரே இதுதான். ஏழ்மையைக் காட்டினார்கள், நிர்வாகத்தைக் காட்டவில்லை.

விருதுநகர் வீட்டுக்கு எட்டரை மணிக்கெல்லாம் போய்விட்டோம். சின்ன வீடு, சுவரில் படங்கள். அங்கே தம்பி குழாய்க் கதையைச் சொன்னான். முதலமைச்சரின் அம்மா என்பதால் சிவகாமி அம்மாள் வீட்டுக்குள்ளேயே நகராட்சிக்காரர்கள் தண்ணீர்க் குழாய் இழுத்துக் கொடுத்தார்கள், காமராஜர் வந்து பார்த்துவிட்டு அதைப் பிடுங்கச் சொன்னார் என்று காலங்காலமாகச் சொல்லப்படுகிற கதை. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "பெத்த தாய்க்கே இவ்வளவு கண்டிப்பு" என்று தம்பி முடித்தான். எனக்கு அது தாய்ப்பாசக் கதையாகவே படவில்லை. தெருவில் மற்ற வீட்டுப் பெண்கள் எல்லாம் தெருக்குழாயில் குடத்தை வைத்துக் காத்திருக்கும்போது ஒரு வீட்டுக்கு மட்டும் வரிசை கிடையாது என்றால், அந்த வரிசையில் நிற்கிறவர்களுக்கு அரசாங்கம் என்ன சொல்கிறது? நீதி பற்றிய கதை அது. அதில் வயலின் எதற்கு?

சரி, இதையாவது விட்டுவிடலாம். என்னால் பொறுக்கவே முடியாதது சத்திரிய வித்யாசாலாவை வேனில் இருந்தபடியே "இதுதான் ஐயா படிச்ச ஸ்கூல்" என்று கையைக் காட்டிவிட்டுப் போனது. ஐந்து நிமிடம் நிறுத்தியிருக்கலாம். அந்தப் பள்ளி பிடி அரிசியில் நடந்த பள்ளி. வீட்டில் சோறு வடிக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியாகப் போட்டுவைப்பார்கள், அதைச் சேகரித்து, காசாக்கி, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் படிப்பு சொல்லிக்கொடுத்தார்கள். அப்பாவை இழந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு மாமா ஜவுளிக்கடையில் உட்காரப் போன பையன் அந்தப் பள்ளியில் இருந்துதான் வெளியே வந்தான். பசிக்கும் பள்ளிக்கும் உள்ள தொடர்பு அவருக்கு யாரும் அறிக்கை எழுதிக்கொடுத்துத் தெரிய வேண்டியதாக இருக்கவில்லை. அந்த ஒரு பிடி அரிசியில் இருந்து 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு வரைக்கும் ஒரு கோடு இழுத்திருந்தால் போதும், 1,600 ரூபாய் அப்போதே செரித்திருக்கும். அவர்கள் இழுக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு டீச்சரம்மாவிடம் நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன், அவர் ஆச்சரியப்பட்டார், நாங்கள் பேசுவது தொந்தரவாக இருக்கிறது என்று முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

விருதுநகரில் அவர்கள் தொடாத இன்னொன்றும் இருக்கிறது. 1941-இல் காமராஜர் சிறையில் இருக்கும்போதே அவரை நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வெளியே வந்தவர் நேராகப் போய் அந்தப் பதவியை ராஜினாமா செய்தார், முழுசாக நேரம் கொடுக்க முடியாத நாற்காலியில் உட்காரக்கூடாது என்று. பொதுச்சேவை என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டவர்கள் இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்?

இதே ஊர் 1967-இல் அவரைத் தோற்கடித்தது. 1,285 வாக்கு வித்தியாசம், எதிரே நின்றவர் பெ.சீனிவாசன் என்கிற மாணவர் தலைவர். தம்பி போன் குறிப்பில் 1963-க்குப் பிறகு நேராக 1975-க்குத் தாவிவிட்டான்! நான் கேட்டேன், "தம்பி, 67 எங்கப்பா?" சிரித்துக்கொண்டே, "அது சோகமான விஷயம் சார், டூர்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றான். சோகமான விஷயம் என்று யார் சொன்னது? அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடு, இவற்றால் கோபத்தில் இருந்த மக்கள் ஓட்டை மாற்றிப் போட்டார்கள். "காமராஜ் அண்ணாச்சி, கடலைப் பருப்பு விலை என்னாச்சு" என்று அப்போது கோஷம் போட்டதை அப்பா இன்னமும் ராகத்தோடு சொல்வார். பருப்பு மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊரில் பருப்பு விலையும் சேர்ந்து அவரைத் தோற்கடித்தது என்பதைவிடச் சுவையான உள்ளூர்க் கதை ஒரு வழிகாட்டிக்கு வேறு என்ன கிடைக்கும்? தோற்ற பிறகு மூலையில் உட்காரவில்லை, 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து நாடாளுமன்றம் போனார். இதைச் சொன்னால் அவர் மதிப்பு குறைந்துவிடுமா?

எட்டயபுரத்துக்குப் பதினொன்றரைக்குப் போனோம். பாரதி பிறந்த வீடு, மணிமண்டபம், அதெல்லாம் நன்றாகவே காட்டினார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாம் போனது மதிய உணவுக்காக. "உலகத்திலேயே முதல்முதலா பள்ளியில் சோறு போட்டது காமராஜர் ஐயாதான்" என்று தம்பி ஆரம்பித்தான். இல்லை. நம் சென்னையிலேயே 1920-இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் சோறு போட்டிருக்கிறார்கள். காமராஜர் செய்த வேலை வேறு மாதிரியானது. அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார், செலவில் ஊர் மக்களையும் பங்காளி ஆக்கினார், அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு போன்ற அதிகாரிகளை முன்னே விட்டுத் தான் பின்னால் நின்றார்.

இந்த இடத்தில் அப்பா மைக்கை வாங்கிக்கொண்டார். நான் கேட்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை, அவராகவே வாங்கினார். மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடுவது, அமெரிக்காவில் இருந்து வந்த மக்காச்சோள மாவில் கிண்டிய மஞ்சள் உப்புமா, பால் பவுடரைக் கரைக்காமல் உள்ளங்கையில் வாங்கி நக்கித் தின்று மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, மழை இல்லாத வருடத்தில் ஊரார் கொடுக்கும் தானியம் குறைந்துபோய் வாத்தியார் வீடு வீடாகப் போய்க் கேட்டது. பத்து நிமிடம் பேசினார். வேனில் ஒரு சத்தம் இல்லை. டீச்சரம்மா போனில் பதிவு செய்துகொண்டார். அந்த நாளில் காசு கொடுத்ததற்கு உருப்படியாகக் கிடைத்தது அந்தப் பத்து நிமிடம்தான், அதற்கும் பேச்சாளரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். (கணக்குப் பார்த்தால் அவர்கள் எனக்குப் பணம் தர வேண்டும்.)

மதியச் சாப்பாடு "பள்ளிக்கூட அனுபவம்" என்று அலுமினியத் தட்டில் போட்டார்கள். சாம்பார் சாதம், அப்பளம், ஒரு முட்டை. ருசி நன்றாக இருந்தது. முட்டை எல்லாம் ரொம்பப் பின்னால் வந்த காலத்துக் கதை என்று அப்பா முணுமுணுத்தார், ஆனால் சாப்பிட்டுவிட்டார்.

திரும்பும் வழியில் கேள்வி நேரம். தமிழ்நாட்டு அணைகள் எல்லாம் அவர் கட்டியவை என்று தம்பி சொல்ல, பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற ஒருவர் மேட்டூர் 1934-லேயே முடிந்துவிட்டது, கீழ்பவானி வேலை அவருக்கு முன்பே ஆரம்பித்தது, அவர் காலத்தில் முடிந்தது என்று நிதானமாகத் திருத்தினார். வைகை, சாத்தனூர், கிருஷ்ணகிரி, அமராவதி, மணிமுத்தாறு என்று அவர் காலத்துக் கணக்கே தாராளமாக இருக்கும்போது மேட்டூரை எதற்கு இழுக்க வேண்டும்? பொய்யாகக் கூட்டிச் சொன்னால் உண்மையான கணக்கின் மேலும் சந்தேகம் வந்துவிடுகிறது.

நான் எதிர்பார்த்துப் போன பகுதி வரவே இல்லை. 1954-இல் முதலமைச்சர் ஆனபோது காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். மொத்தமே எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவை. அதில் அறநிலையத் துறையைத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பரமேஸ்வரனிடம் கொடுத்தார், கோயிலுக்குள் விடாமல் வெளியே நிறுத்தப்பட்ட மக்களில் ஒருவரைக் கோயில்களுக்கே அமைச்சர் ஆக்கினார். மேலவை வழியாக நுழையாமல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போனார். 1957-இல் இருந்து தொழில் துறையை ஆர்.வெங்கட்ராமன் பார்த்துக்கொண்டார். ஆளைத் தேர்ந்தெடுப்பது, பொறுப்பைக் கொடுப்பது, கோப்பைத் தேங்கவிடாமல் நகர்த்துவது, இதுதான் அவர் சேவை என்று நான் புரிந்துகொண்டது. கட்சி வேலைக்காகப் பதவியை விட வேண்டும் என்று அவரே திட்டம் சொல்லி, 1963 அக்டோபர் 2-ஆம் தேதி அவரே முதல் ஆளாக இறங்கினார். அப்படி இறங்கியதால்தான் இங்கே காங்கிரஸ் நான்கு வருடத்தில் ஆட்சியை இழந்தது என்று விமர்சிப்பவர்கள் உண்டு, எனக்கும் அதில் பாதி சம்மதம்தான். இதை எல்லாம் வேனில் விவாதித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! கேட்டால் தம்பி "நேரம் இல்லை சார்" என்றான். அதே காரணத்தைச் சொல்லி, நிகழ்ச்சி நிரலில் இருந்த விருதுநகர் எண்ணெய் பரோட்டாவையும் வெட்டிவிட்டார்கள். இதை மன்னிக்கவே முடியாது.

மறுநாள் நிறுவனத்தில் இருந்து போன் வந்தது, ஏன் சார் மூணு ஸ்டார்தான் போட்டிருக்கீங்க என்று. மேலே எழுதியதை எல்லாம் சுருக்கிச் சொன்னேன், 67-ஐச் சேருங்கள், பள்ளியில் நிறுத்துங்கள், வயலினை அணையுங்கள் என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு "ஆகட்டும் சார், பார்க்கலாம்" என்றார். காமராஜர் இதைச் சொன்னால் வேலை முடிந்த மாதிரி என்பார்கள், இவர் சொன்னது எந்த வகை என்று தெரியவில்லை. சேர்த்தால் நட்சத்திரத்தைக் கூட்டிவிடுகிறேன்.

போகிறவர்களுக்கு: இடது பக்க ஜன்னல் கேளுங்கள், காலையில் போகும்போது கிழக்கு வெயில் அங்கேதான் அடிக்கும், ஆனால் பள்ளிக்கூடம் தெரிகிற பக்கமும் அதுதான், அதனால் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 15 பிறந்தநாள் சமயத்தில் வேண்டாம், மாலை போட வருகிற கட்சிக்காரர் கூட்டத்தில் வீட்டுக்குள் நுழையவே முடியாது. வயதானவர்களைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், வாய்ப்பு கிடைத்தால் மைக்கை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். பரோட்டா வேண்டுமென்றால் பணம் கட்டும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.