கொன்றவர்களே நடித்துக் காட்டும் இரண்டு படங்கள்

'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' (2012), 'எஸ்-21' (2003), இந்த இரண்டு ஆவணப்படங்களில் எதை முதலில் பார்க்கலாம் என்று கேட்டால் நான் எஸ்-21 என்றுதான் சொல்வேன்.

முதல் படம் இந்தோனேசியாவைப் பற்றியது. 1965-66இல் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் பேர் வரை கொன்றதாகக் கணக்கு. மேடான் நகரத்து அன்வர் காங்கோ, கம்பியால் கழுத்தை இறுக்கிக் கொன்ற விதத்தை மொட்டைமாடியில் செய்து காட்டிவிட்டு அங்கேயே ஆடுகிறார். அப்புறம் அதையே மேக்கப், செட் எல்லாம் போட்டு கேங்ஸ்டர் படம் மாதிரி எடுக்கிறார்கள். பலியானவராக அவரே நடிக்கும்போதுதான் தடுமாறுகிறார். பிரமாதமான படம், ஆனால் செத்தவர்களின் குடும்பத்துக் குரல் மிகக் குறைவு.

எஸ்-21இல் வேஷமே கிடையாது. எஸ்-21 என்பது, 1975-79இல் கம்போடியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் கெமர் ரூஜ் நடத்திய, 12,000 பேருக்கு மேல் சாகக் காரணமான துவோல் ஸ்லெங் சிறை. சிறுவயதில் அங்கே காவலாளியாக இருந்தவர், ஆளில்லாத அறைக்குள் போய், இல்லாத கைதிகளை அதட்டுகிறார், தண்ணீர் கொடுக்கிறார், கதவைப் பூட்டுகிறார். படம் எடுக்கும்போது இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, உடம்பு எதையும் மறக்கவில்லை. உயிர்தப்பிய ஓவியர் வான் நாத் எதிரில் உட்கார்ந்து, சத்தம் போடாமல், கேள்வி கேட்கிறார். இயக்குநர் ரித்தி பானும் கெமர் ரூஜிடம் குடும்பத்தைப் பறிகொடுத்தவர்தான்.