ஸ்கவுட்டாக இருந்த ஓவியரைத் தேட ஃபேமிலிசர்ச் எவ்வளவு தூரம் உதவும்?

வம்சாவளி தேடுவோருக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் இணையச் சேவைகளில் ஃபேமிலிசர்ச் மிகப் பெரியது. யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் 1894ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட யூட்டா வம்சாவளிச் சங்கத்தின் வழிவந்த இதனை மார்மன் சபை நடத்திவருகிறது. இங்கே இதனைப் பொதுவாக மதிப்பிடுவது என் நோக்கமன்று. அமெரிக்காவில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுக்கு மணவழியாக வந்த உறவினர் சிலரிடம், தம் முன்னோரில் ஒருவர் மேற்கு எல்லைப்புறத்தில் ராணுவத்துக்கு ஸ்கவுட்டாக (படைக்கு முன்னே சென்று வழியும் எதிரியின் இருப்பும் அறிந்து சொல்பவராக) இருந்தார், படமும் வரைந்தார் என்ற வாய்மொழிச் செய்தி உண்டு. அப்படிப்பட்ட ஒருவரைத் தேட இந்தத் தளம் எவ்வளவு பயன்படும் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இதைப் பார்த்தேன்.

யாரென்றே தெரியாத முன்னோரை வைத்துத் தேடினால், கிடைக்காமற்போனது ஆவணத்தின் குறையா, தளத்தின் குறையா, வாய்மொழிச் செய்தியின் குறையா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே வாழ்க்கை ஓரளவு நன்றாகத் தெரிந்த ஒருவரை உரைகல்லாகக் கொண்டேன். அவர் க்ரோ என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தைச் சேர்ந்த ஒயிட் ஸ்வான். 1876 ஜூன் 25, 26 தேதிகளில் மான்டானாவில் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போரில், அமெரிக்க ராணுவத் தளபதி கஸ்டரின் ஏழாவது குதிரைப்படையோடு சென்ற ஆறு க்ரோ ஸ்கவுட்டுகளில் ஒருவர். போர் நடந்த இடம் க்ரோ மக்களின் ஒதுக்கீட்டு நிலத்துக்குள்ளேயே (அவர்கள் வாழ அரசு ஒதுக்கிய நிலத்துக்குள்ளேயே) இருந்தது. தங்கள் வேட்டை நிலத்தில் நெருக்கிக்கொண்டு வந்த சூ, செயென் கூட்டத்தாருக்கு எதிராக அவர்கள் அமெரிக்க ராணுவத்தோடு நின்றதற்கு அதுவே முதற்காரணம். ஒயிட் ஸ்வான் மேஜர் ரீனோவின் பிரிவோடு சென்று, கையிலும் காலிலும் கடுமையாகக் காயமுற்றார். அவருடைய தலைவரான ஹாஃப் யெல்லோ ஃபேஸ், குதிரை இழுக்கும் மரச்சட்டத்தில் அவரைக் கிடத்தி, லிட்டில் பிக்ஹார்ன் ஆறு பிக்ஹார்ன் ஆற்றோடு கலக்குமிடத்தில் நின்றிருந்த ‘ஃபார் வெஸ்ட்’ என்ற நீராவிப் படகுவரை கொண்டுசேர்த்தார். உயிர் பிழைத்த ஒயிட் ஸ்வான், கை ஊனமுற்ற பிறகும் சில ஆண்டுகள் ஸ்கவுட்டாகப் பணியாற்றினார். காது கேளாமலும் பேச்சு இல்லாமலும் வாழ்ந்த பிற்காலத்தில், சைகை மொழியிலும் படங்களிலும் தம் போர் அனுபவங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். 1904இல் இறந்தார். போர்க்களத்தை அடுத்துள்ள தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

தேடலில் முதலில் எதிர்ப்படும் இடையூறு பெயர். தளத்தின் முகப்புப் பெட்டி முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டைக் கேட்கிறது. ‘ஸ்வான்’ என்பதைக் குடும்பப் பெயராக இட்டால், இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய ஸ்வான் குடும்பத்தார் வரிசையாக வந்து நிற்பார்கள். பழங்குடியினரின் பெயரை ராணுவ எழுத்தர் ஒருவர் மொழிபெயர்த்து எழுதியிருப்பார், மற்றொருவர் காதில் விழுந்த ஒலியை அப்படியே எழுதியிருப்பார். ஆகவே ஒரே ஆள் வெவ்வேறு ஏடுகளில் வெவ்வேறு பெயரோடு நிற்கிறார். எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறியும் கேள்விக்குறியும் இட்டுத் தேடும் வசதி இங்கு உண்டு என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் முகப்புப் பெட்டியை விட்டுவிட்டு, தொகுப்புகளின் பட்டியலுக்குள் சென்று உரிய தொகுப்பைத் திறந்து, அதற்குள் மட்டும் தேடுவதே சரியான வழி. இதைத் தளம் புதியவருக்கு எடுத்துச் சொல்வதில்லை; முகப்பிலேயே தேடிச் சலித்துத் திரும்பிவிடுவோர் பலர் இருக்கக்கூடும்.

ஸ்கவுட்டைப் பொறுத்தவரை உரிய தொகுப்பு, 1798 முதல் 1914 வரையிலான அமெரிக்க ராணுவப் படைச்சேர்ப்புப் பதிவேடு. 1866 ஜூலை 28ஆம் நாள் நிறைவேறிய சட்டம், 1,000 பேருக்கு மிகாமல் பழங்குடியினரை ஸ்கவுட்டுகளாகச் சேர்த்துக்கொள்ளவும், குதிரைப்படை வீரருக்கு உரிய ஊதியத்தை அவர்களுக்குக் கொடுக்கவும் இடமளித்தது. அவ்வாறு சேர்ந்தவர்களுக்குத் தனி ஏடுகள் வைக்கப்பட்டன. அவற்றின் பக்கங்களை வீட்டிலிருந்தபடியே, ஒரு காசும் கொடுக்காமல், பெரிதாக்கிப் பார்க்கலாம். சேர்ந்த நாள், இடம், சேர்த்துக்கொண்ட அதிகாரி, வயது, உயரம், கண்ணின் நிறம், பணிக்காலம், விடுவிக்கப்பட்ட விதம் எல்லாம் ஒரே வரியில், இரண்டு பக்கங்களுக்கு நீண்டு ஓடுகின்றன. குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தை எவரும் விட்டுவிடக் கூடாது. காயம், மரணம், நன்னடத்தை போன்ற செய்திகளுக்கு உரிய இடம் அதுவே. தளத்தின் பெயர்ச்சுட்டி வரியின் பாதியைத்தான் எடுத்துத் தரும். மீதியைப் படத்தில் படித்துக்கொள்ள வேண்டும். சுட்டியை நம்பாமல் படத்தைத் திறப்பவருக்கே இந்தச் சேவை முழுப்பயன் தரும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஸ்கவுட்டுகள் பெரும்பாலும் குறுகிய காலத்துக்கே சேர்க்கப்பட்டு மீண்டும் மீண்டும் பெயர் பதிந்தவர்கள் என்பதால், ஒரு வரி கிடைத்ததும் நிறுத்திவிடாமல் அடுத்தடுத்த ஆண்டுகளையும் புரட்ட வேண்டும்.

இரண்டாவது பெருந்தொகுப்பு, 1885 முதல் 1940 வரையிலான பழங்குடிக் கணக்கெடுப்புச் சுருள்கள். 1884 ஜூலை 4ஆம் நாள் சட்டத்தின்படி, ஒவ்வொரு ஒதுக்கீட்டு நிலத்தின் அரசு முகவரும் ஆண்டுதோறும் தம் பொறுப்பிலுள்ளோரின் பட்டியலை அனுப்பவேண்டியிருந்தது. மூலப்பெயர், ஆங்கிலப்பெயர், உறவு, வயது ஆகியவை அடுத்தடுத்த பத்திகளில் நிற்பதால், பெயர்ச் சிக்கலை அவிழ்க்கும் கயிற்றுமுனை இங்கேதான் அகப்படும். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கேடு 1921இல் நேர்ந்த தீ விபத்தில் பெரும்பகுதி அழிந்துபோன நிலையில், அந்தக் காலத்தின் வெற்றிடத்தைப் பழங்குடிக் குடும்பங்களுக்கு இந்தச் சுருள்கள் நிரப்புகின்றன என்பதை எண்ணும்போது இவற்றின் மதிப்பு விளங்கும். க்ரோ மக்களுக்கான அரசு முகவரின் அலுவலகம் 1875இலும் 1884இலும் இடம் மாறியது. பழைய கடிதங்களில் வரும் ஊரும் இன்றைய க்ரோ ஏஜென்சி என்ற ஊரும் ஒன்றல்ல. வரைபடத்தை அருகில் வைத்துக்கொண்டு தேடுவது நல்லது. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பழங்குடியினருக்கெனத் தனிப் படிவம் இருந்தது. அதில் தாய், தந்தை இருவரின் இனமும் கேட்கப்பட்டது. அந்தப் பக்கங்களையும் இங்கே காணலாம்.

இதுவரை சொன்னவை பெயர் பதிந்து சேர்ந்த ஸ்கவுட்டுகளுக்கே பொருந்தும். வெள்ளையரான ஸ்கவுட்டுகளில் பலர் ராணுவத்தில் சேராமல், மாதக் கூலிக்கு அமர்த்தப்பட்ட குடிமக்கள். பஃபலோ பில் என்று உலகம் அறிந்த வில்லியம் கோடியே அப்படிப்பட்டவர்தான். 1872இல் அவருக்கு அளிக்கப்பட்ட உயரிய வீரப் பதக்கம், அவர் படைவீரர் அல்லர் என்பதால் 1917இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, 1989இல்தான் மீட்டளிக்கப்பட்டது. இத்தகையவர்களின் பெயர்கள் படைச்சேர்ப்புப் பதிவேட்டில் இரா. ராணுவத்தின் வழங்கல் துறை மாதந்தோறும் அனுப்பிய கூலியாட்கள் அறிக்கைகளில் அவை உள்ளன. அந்த அறிக்கைகள் வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. குடும்பச் செய்தியில் ‘ஸ்கவுட்’ என்றிருந்தால், அவர் சேர்ந்தவரா, அமர்த்தப்பட்டவரா என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளாதவர் இந்தத் தளத்தில் நாட்கணக்கில் அலைய நேரிடும்.

காப்பகத்துக்குப் பணம் கட்டும் முன், அவர் எந்தப் படையில் பதிந்தவர் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். தொகுக்கப்பட்ட ராணுவப் பணிக்கோப்பு என்று காப்பகம் விற்கும் நகல், தன்னார்வப் படையினருக்கு உரியது. நிலைப்படையில் பதிந்த ஸ்கவுட்டுக்கு அப்படியொரு கோப்பே உருவாக்கப்படவில்லை. அவருக்குரியது ஓய்வூதியக் கோப்பு. முழுக் கோப்பின் நகலுக்கு, 100 பக்கங்கள் வரை, 80 டாலர் கட்டணம். பணத்துக்கு ஏற்ற பொருள் அது: மனைவி உரிமை கோரியிருந்தால் திருமணத்துக்குச் சான்று, பிள்ளைகளின் பிறந்த நாட்கள், உடன் பணியாற்றியவர்களின் வாக்குமூலம், மருத்துவரின் காயக் குறிப்பு எல்லாம் ஒரே கட்டில் கிடைக்கும். 1859 முதல் 1891 வரையிலான எல்லைப்புறப் போர்களில் பணியாற்றியவர்களுக்கு 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வூதியத்தை விரிவாக்கியதால், நீண்ட நாள் வாழ்ந்தவர்களின் கோப்புகள் தடித்திருக்க வாய்ப்புண்டு. ஃபேமிலிசர்ச்சில் இந்தக் கோப்புகளைத் தேடிக் காலத்தைச் செலவிட வேண்டாம். கோப்பு எண்ணைக் கண்டறியச் சுட்டியை மட்டும் பயன்படுத்திக்கொண்டு காப்பகத்துக்குச் செல்வதே முறை.

தளத்தின் மிகப் பலவீனமான பகுதி அதன் பொது வம்சமரம். உலகத்துக்கெல்லாம் ஒரே மரம், அதில் எவரும் எதையும் திருத்தலாம் என்பது அதன் ஏற்பாடு. புகழ்பெற்ற ஸ்கவுட்டுக்குப் பேரனாக வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருப்பதால், இத்தகைய பெயர்களைச் சுற்றிக் கிளைகள் ஆதாரமின்றி முளைக்கும். ஒவ்வொரு திருத்தத்தையும் யார் எப்போது செய்தார் என்ற வரலாறு காட்டப்படுகிறது என்பதையும், ஆதாரத்தை இணைக்க இடம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும்; ஆதாரம் இணைக்கப்படாத எந்த உறவையும் நான் ஏற்பதில்லை. சந்தா வாங்கும் தளங்கள் இதில் மேல் என்றும் சொல்ல முடியாது. நான் பணம் கட்டிய ஒன்று, பெயரொற்றுமை ஒன்றையே கொண்டு தொடர்பில்லாத ஓஹாயோ விவசாயி ஒருவரைப் பாட்டனாராகப் பரிந்துரைத்துக்கொண்டே இருந்தது. 2024இல் ஃபேமிலிசர்ச் அறிமுகப்படுத்திய முழு உரைத் தேடல், கையெழுத்தைக் கணினியே படித்துத் தேடித் தருவது. அமெரிக்க நில, உயில் ஆவணங்களில் தொடங்கிய இந்த வசதி, நிலம் வாங்கிக் குடியமர்ந்த வெள்ளை ஸ்கவுட்டைத் தேடுவோருக்கு மெய்யாகவே பெரிய உதவி. ஒதுக்கீட்டு நிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதே அளவு பயன் தருவதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி ஓவியர். இங்கேதான் தளம் ஏறக்குறைய கைவிரித்துவிடுகிறது. அரசு ஏடுகள் ஒரு மனிதரை உயரம், வயது, கூலி என்று எழுதின. அவர் படம் வரைந்தார் என்று எழுத எந்த ஏட்டிலும் கட்டம் இல்லை. ஆனால் சமவெளிப் பழங்குடி வீரர்களின் ஓவியம் அலங்காரத்துக்கு வரையப்பட்டதன்று. அது பணிக்குறிப்பேட்டுக்கு நிகரான சான்று. க்ரோ வீரர் தலைவர் நிலையை அடைய நான்கு செயல்களைச் செய்திருக்க வேண்டும்: எதிரியை உயிரோடு தொடுதல், அவன் கைப்படைக்கலத்தைப் பறித்தல், அவன் பாசறைக்குள் கட்டியிருந்த குதிரையைக் கவர்தல், போர்க்குழுவை நடத்திச் சென்று மீளுதல். தோலிலும் பின்னர் மஸ்லின் துணியிலும் கணக்குப் பேரேட்டுத் தாளிலும் வரையப்பட்டவை இவற்றின் பதிவுகளே. குளம்படிகளின் வரிசை அவர் வந்த வழியைக் காட்டும். கேடயமும் தலையணியும் ஆளை அடையாளம் காட்டும். தம் செயலைத் தாமே வரைந்த ஒருவரைப் பற்றிய ஆவணம், எழுத்தர் எழுதிய ஒரு வரியைவிட நெருக்கமானது என்று நான் கருதுகிறேன்.

தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் வட்டாரத்து ஓக்லாலா லகோட்டா இனத்தவரான ஏமஸ் பேட் ஹார்ட் புல் என்பவரின் கதை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நெப்ராஸ்காவில் ராணுவ ஸ்கவுட்டாக இருந்தபோது, க்ராஃபர்ட் என்ற ஊரில் ஆடை வணிகர் ஒருவரிடம் பழைய பேரேடு ஒன்றை வாங்கி, தம் மக்களின் வரலாற்றை 400க்கும் மேற்பட்ட படங்களாக அதில் வரைந்தார். 1913இல் அவர் இறந்தபின் பேரேடு தங்கையிடம் சென்றது. 1947இல் தங்கை மறைந்தபோது, வழக்கப்படி அவரோடு புதைக்கப்பட்டது. ஹெலன் பிளிஷ் என்ற மாணவி முன்னரே ஆய்வுக்காக அதனை வாடகைக்குப் பெற்றிருந்ததால் மட்டுமே புகைப்பட வடிவில் இன்று அது நம்மிடம் உள்ளது. இந்த வரலாற்றில் ஒரு துளியும் படைச்சேர்ப்புப் பதிவேட்டிலிருந்து கிடைக்காது.

ஆகவே ஓவியத்துக்கு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தின் தேசிய மானுடவியல் ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்துள்ள பேரேட்டு ஓவியங்களையும், சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் சமவெளிப் பேரேட்டு ஓவியத் தளத்தையும் நாட வேண்டும். அந்தத் தளத்தில் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்க்கும் வசதி உண்டு. அக்காலத்தில் க்ரோ ஏஜென்சிக்கு வந்து தங்கி வரைந்த ஜோசப் ஹென்றி ஷார்ப் போன்ற வெள்ளை ஓவியர்களின் உருவப்படங்களும் துணைச்சான்றுதான். ஒயிட் ஸ்வானையும் ஷார்ப் வரைந்திருக்கிறார். கண்டெடுத்த படத்தை ஃபேமிலிசர்ச்சின் ‘நினைவுகள்’ பகுதியில் உரியவரின் பெயரோடு இணைத்துவைக்கலாம். அந்த ஏற்பாடு நன்றாகவே உள்ளது.

இணைக்கும் முன் ஒன்று. இச்சேவையை நடத்தும் சபைக்கு, இறந்த முன்னோருக்காக உறவினர் பதிலியாக ஞானஸ்நானம் பெறலாம் என்ற நம்பிக்கை உண்டு. வம்சாவளித் தேடலில் அவர்கள் காட்டும் ஊக்கத்துக்கு அதுவும் காரணம். இதில் மனத்தடை இல்லாதோர் பலர், உள்ளோரும் உளர். குறிப்பாகப் பழங்குடிக் குடும்பத்து முதியவர்களைக் கேட்காமல் பெயரை மரத்தில் ஏற்றுவது சரியன்று. க்ரோ வழியினராயின், க்ரோ ஏஜென்சியில் அவர்களே நடத்தும் லிட்டில் பிக் ஹார்ன் கல்லூரியின் ஆவணப் பகுதிக்கு முதலில் எழுதிக் கேட்கலாம். என் மதிப்பில், ஸ்கவுட்டைத் தேட ஃபேமிலிசர்ச்சுக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். ஓவியரைத் தேட ஒன்றுக்கு மேல் கொடுக்க இயலாது.